சொட்டுநீருக்கு ஒரு கையெழுத்து

எங்கள் வயல் எங்கள் பேரில் இல்லை. ஒரத்தநாட்டிலிருந்து தெற்கே டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் எங்கள் ஊர். புது ஆற்றின் கிளை வாய்க்கால் ஒன்று எங்கள் ஊரோடு முடிந்துபோகிறது. அந்த முடிவில் மூன்று ஏக்கர். என் மாமனார் வாலிபத்திலிருந்து அதைக் குத்தகைக்கு உழுதார். அவருக்குப் பிறகு என் வீட்டுக்காரர். கல்யாணமாகி வந்த பிறகு நானும். பட்டா மட்டும் தஞ்சாவூர் மேலவீதியில் ஒரு குடும்பத்தின் பேரில் இருந்தது. எங்கள் வீட்டில் அவர்களைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டதே கிடையாது. 'மேலவீதிக்காரங்க' என்றாலே என் வீட்டுக்காரரின் முகம் மாறிவிடும்.

காரணம் ஒரு பழைய சண்டை. நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தைய கதை. உழுகிறவன் தாலுகா ஆபீசில் தன் பேரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் நிலத்துக்காரர் நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்த காலம். ஆட்சி மாறி, ஊருக்கு ஊர் கொடிக்கம்பம் முளைத்து, டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். மாமனாரும் போய்ப் பேரைப் பதிந்துவிட்டு வந்தார். மேலவீதிப் பெரியவர் அதைத் துரோகமாக எடுத்துக்கொண்டார். அதுவரை தீபாவளிக்கு வேட்டி கொடுத்துக்கொண்டிருந்தவர், அந்த வருஷம் அறுப்பு முடிந்ததும் வெளியூர் ஆட்களை ஏற்றி ஒரு லாரியை நேராகக் களத்துக்கு அனுப்பினார். அடித்துக் குவித்திருந்த நெல்லின்மேல் என் மாமனார் மல்லாந்து படுத்துக்கொண்டாராம். "என்னையும் சேத்து அள்ளிக்கிட்டுப் போங்க" என்றாராம். ஊர் கூடிவிட்டது. லாரி வெறுமனே திரும்பியது.

அதன் பிறகு வழக்கு. மாமனார் தஞ்சாவூர் பஸ் ஏறி ஏறியே கிழவரானார். கடைசியில், நிலத்தில் நாங்கள் இருக்கலாம், குத்தகையை ஒழுங்காகச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதைக் கேட்க இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உயிரோடு இல்லை. அன்றிலிருந்து குத்தகையை மணியார்டரில் அனுப்பி வந்தோம். திரும்பி வரும் சீட்டில் உள்ள கையெழுத்து ஒன்றுதான் அந்த வீட்டோடு எங்களுக்கு இருந்த பழக்கம்.

நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். காலையில் வயல், பகலில் பள்ளிக்கூடத்துச் சமையலறை. வாரத்துக்கு இரண்டு தடவை ஒரத்தநாடு மார்க்கெட்டில் காய் வாங்கி வருவேன். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் எங்கிருந்தோ லாரியில் வந்து இறங்கும். வதங்கிப்போய், முனை கறுத்துக் கிடக்கும். நெல்லைத் தவிர வேறொன்றும் தெரியாத ஊர் எங்களுடையது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் நாற்று விடுவோம், வராவிட்டால் வானத்தைப் பார்ப்போம். மேட்டூர் திறந்த செய்தி பேப்பரில் வந்த பிறகு, கடைமடையான எங்களுக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் நாற்று முற்றிவிடும். அதனால் என் வீட்டுக்காரர் போர் போட்டிருந்தார். மூன்று ஏக்கரில் இரண்டு ஏக்கர் பள்ளம், ஒரு ஏக்கர் மேடு. மேட்டில் மண் செம்மண்ணும் மணலுமாக இருக்கும். அங்கே எவ்வளவு தண்ணீர் இறைத்தாலும் வாய்க்காலே குடித்துவிடும். மண்வெட்டியோடு மடைக்கு மடை ஓடுவார் அவர். கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேருவதற்குள் கரண்டு நின்றுவிடும்.

ஒரு வருஷம் வேளாண்மைத் துறையில் விவசாயிகளைத் தருமபுரிப் பக்கம் பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். கண்டுணர்வுப் பயணம் என்று அதற்குப் பேர். என் வீட்டுக்காரருக்குத்தான் அழைப்பு வந்தது. "பஸ்ஸுல எனக்குத் தலை சுத்தும், நீ போயிட்டு வா" என்றார். போனேன்.

அங்கே நான் பார்த்தது பாறையும் முள்ளும் நிறைந்த பூமி. அதன் நடுவில் ஒரு அம்மாள் கத்தரி போட்டிருந்தார். இடுப்பு உயரத்துக்குச் செடி, நிறையக் காய். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கறுப்புக் குழாய் தரையோடு தரையாக ஓடியது. ஒவ்வொரு செடியின் காலடியிலும் ஒரு துளை. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. செடியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு ஈரம், அதைத் தாண்டினால் புழுதி. நான் செருப்போடு வரப்பில்லாத வயலுக்குள் நடந்தேன். பிறந்ததிலிருந்து சேற்றில் நின்றே விவசாயம் பார்த்தவள் நான். கால் நனையாமல் ஒரு பயிர் வளரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"எங்களுக்கு ஆறா, வாய்க்காலா? இந்த ஒரு கெணறுதான்" என்றார் அந்த அம்மாள். "அதனால தண்ணிய செடிக்கு மட்டும் குடுக்கறோம். மண்ணுக்குக் குடுக்கறதில்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மற்றவர்கள் தூங்கினார்கள். நான் எங்கள் மேட்டு ஏக்கரில் வரிசை வரிசையாகக் கத்தரி நட்டுக்கொண்டே வந்தேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது சிரித்தார். "தஞ்சாவூர் ஜில்லாவுல பொறந்துட்டு தண்ணிய சொட்டுச் சொட்டா விடுறதா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு இப்ப மட்டும் என்னங்க சொல்லுது? மேட்டுல போட்ட நெல்லு பதராப் போனப்ப ஊரா வந்து அழுதுச்சு?"

அவர் பதில் சொல்லவில்லை. எங்களுக்குள் அவர் பதில் சொல்லாவிட்டால் பாதிச் சம்மதம் என்று அர்த்தம்.

மறுநாள் பள்ளிக்கூடம் முடிந்ததும் வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெண் அதிகாரி இருந்தார். வயதில் என்னைவிட மிகவும் சின்னவர். ஸ்கூட்டியில் வயல் வயலாகப் போகிறவர். சிறு விவசாயிகளுக்கு அரசாங்கமே முழுச் செலவையும் ஏற்றுச் சொட்டுநீர் போட்டுக்கொடுக்கிறது என்று விவரமாகச் சொன்னார். மண்ணையும் தண்ணீரையும் சோதனைக்கு எடுத்துவரச் சொன்னார். கடைசியில் என் காகிதங்களைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, பயிர் வைக்கிறது உங்க வீட்டுக்காரர்னு அடங்கல்ல இருக்கு. ஆனா நிலம் யாருதுன்னு காட்டுற சிட்டா வேற பேர்ல இருக்கே?"

"குத்தகைங்க. கோர்ட்டுத் தீர்ப்பு இருக்கு."

"தீர்ப்பு இருந்தாலும் நிலத்துக்காரங்க சம்மதக் கடிதம் வேணும். அதோட ஏழு வருஷத்துக்குக் குத்தகை ஒப்பந்தம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணணும். அது இல்லாம மேல அனுப்பினா திரும்பி வந்துரும்க்கா."

அன்று பஸ்ஸில் ஊர் திரும்பும்போது சொட்டுநீர் தருமபுரியைவிடத் தூரத்தில் இருப்பதாகப் பட்டது.

வீட்டில் சொன்னேன். "அப்ப விட்டுரு" என்றார் அவர். குரல் உயரவில்லை. "எங்கப்பா செத்ததுக்கப்புறம் அந்த வாசல்ல நான் போயி நிக்க மாட்டேன்." அதற்கு மேல் அவரிடம் பேச ஒன்றுமில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் மேட்டு வயலும் அங்கேயேதான் கிடந்தது. பத்து நாள் பொறுத்தேன். ஒரு சனிக்கிழமை காலையில், "தஞ்சாவூர் போயிட்டு வர்றேன்" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

மேலவீதியில் மணியார்டர் விலாசத்தைக் காட்டிக் கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். நான் மனத்தில் வைத்திருந்தது பெரிய தூண்களோடு ஒரு பங்களா. இருந்தது காரை உதிர்ந்த ஒரு பழைய ஓட்டு வீடு. பாதியை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். முன்கூடத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. மேலவீதிப் பெரியவரின் ஒரே மகன்.

"யாருங்க, என்ன வேணும்?"

"ஒரத்தநாட்டுப் பக்கத்துலேர்ந்து வர்றேங்க. உங்க வயலை உழுறவங்க வீடு."

பேப்பரை இறக்கினார். "எங்க வயலா, உங்க வயலா?" என்று கேட்டார். கேலியா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"பட்டா உங்களுது. பாடு எங்களுது" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

உள்ளேயிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார். "உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க, வெயில்ல நிக்கிறாங்க" என்றார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஒரு சொம்பில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு, தருமபுரியில் பார்த்ததிலிருந்து அதிகாரி சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னேன். கையில் கொண்டுபோயிருந்த படிவத்தையும் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"உங்க வீட்டுலேர்ந்து முதல்ல வந்தது வக்கீல் நோட்டீஸு. அப்புறம் சம்மன். இப்ப இது" என்றார்.

"வருஷா வருஷம் மணியார்டரும் வந்துதே" என்றார் மனைவி.

அவர் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அந்த வயல் விஷயத்துல எதுலயும் கையெழுத்துப் போடாதேன்னு எங்கப்பா சொல்லிட்டுப் போயிருக்கார்."

"என் மாமனாரும் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தாங்க போயிருக்கார். நான் மிதிச்சுட்டேன்."

அவருடைய மனைவி சிரித்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் எழுந்துகொண்டேன். "ஒரே ஒரு தடவை வந்து வயலைப் பாருங்க. பாத்துட்டு மாட்டேன்னு சொன்னீங்கன்னா திரும்ப வந்து கேக்க மாட்டேன்" என்றேன். அவர் வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் மனைவி மட்டும் வாசல் வரை வந்து என் போன் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்தபடியே, "அந்த ஆளு எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

"உங்களுக்கு இருக்கிற மாதிரியே முடி நரைச்சிருக்கு" என்றேன்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலவீதியிலிருந்து போன் வந்தது. பதினொரு மணிக்கெல்லாம் ஒரு வாடகைக் காரில் இருவரும் வந்து இறங்கினார்கள். அவர் தோல் செருப்பு, வெள்ளைச் சட்டை. அந்த அம்மாள் கையில் ஒரு குடை. என் வீட்டுக்காரர் மேட்டு வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். இவரும் என் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்ளும்போது என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம்.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மண்வெட்டியைக் கீழே வைத்தார். துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. "வாங்க" என்றார். அவ்வளவுதான். வந்தவரும் தலையை அசைத்தார். பிறகு இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மோட்டார் கொட்டகையிலிருந்து குழாயில் பாய்ந்து விழுந்த தண்ணீர், வாய்க்காலில் இறங்கி, பத்தடி போவதற்குள் பாதியாகி, நடுவயலைத் தாண்டும்போது நூல்போல ஆகி, மணலுக்குள் காணாமல் போனது. வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிழல் தேடிப் போகாமல் அங்கேயே நின்றார். கடைசிப் பாத்தி நனையவே இல்லை. அதற்குள் கரண்டு போய்விட்டது.

"தினமும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"தினமும் இப்படித்தான்" என்றார் என் வீட்டுக்காரர்.

அதன் பிறகு அவர், "களம் எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கையைக் காட்டினார். இப்போது அங்கே கருவேல மரம் இரண்டு நின்றது. அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னிக்கு நானும் லாரில வந்திருந்தேன். டிரைவர் பக்கத்துல உக்காந்திருந்தேன். உங்கப்பா படுத்ததைப் பாத்தேன். இறங்கி வந்து, வேண்டாம் போயிடலாம்னு சொல்லியிருக்கலாம். இறங்கல."

இந்த விஷயம் எனக்குப் புதிது. என் வீட்டுக்காரருக்கு இல்லை. "தெரியும்ங்க" என்றார். "நான் எங்கப்பா கால்மாட்டுல நின்னுக்கிட்டிருந்தேன். உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். என் வயசுப் பையனா இருக்கீங்களேன்னு."

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான்தான், "வெயில் ஏறுது, வாங்க வீட்டுக்கு" என்று அழைத்து வந்தேன்.

வீட்டில் மோர் குடித்ததும் அவர் படிவத்தைக் கேட்டார். பேங்கில் வேலை பார்த்தவர் அல்லவா, ஒவ்வொரு வரியையும் படித்தார். ஒப்பந்தம் எழுதவும் பதிவுக்கு வரவும் தயார் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒரு விஷயம் கேக்கணும்" என்றார். "இந்த மணியார்டர் வேண்டாமே. முன்னாடியெல்லாம் தை பொறந்தா உங்க வீட்டுலேர்ந்து புது நெல்லு கொண்டாந்து குடுப்பாங்க. அந்த மாதிரி..."

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. மிகவும் நிதானமாகச் சொன்னார். "தலையில சுமந்து கொண்டாந்து வாசல்ல வச்சிட்டு நிக்கிற காலம் போயிருச்சுங்க. நீங்க இங்க வாங்க. வந்து வாங்கிக்கிட்டு, எங்க வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. பிறகு, "சரி. அதுதான் சரி" என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

ஒரத்தநாடு பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு பேரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, மறுபடியும் வழக்கு தொடங்கிவிட்டது என்று ஊரில் வந்து சொல்லிவிட்டார். அதைச் சரிசெய்யவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

மழைக்காலம் முடிந்ததும் குழாய்கள் ஒரு மினி லாரியில் வந்து இறங்கின. கறுப்பாக, பெரிய பெரிய சுருள்களாக. பொருத்துவதற்கு இரண்டு ஆட்கள் வந்தார்கள். வயலின் ஓரத்தில் பள்ளம் தோண்டி வெள்ளைப் பைப்பைப் புதைத்தார்கள். அதிலிருந்து வரிசைக்கு ஒன்றாகக் கறுப்புக் குழாயை இழுத்துவிட்டார்கள். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் பீப்பாய் மாதிரி ஒரு வடிகட்டி. அதன் தலையில் ஒரு மீட்டர், தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டுவதற்கு. ஊரே வேடிக்கை பார்க்க வந்தது.

எங்கள் வயலில் நாற்று நட்டு, களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கெல்லாம் தலைவி போல ஒருத்தி உண்டு. வேலையில் கெட்டி, வாயிலும் கெட்டி. அவள் குழாயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "யக்கா, வயலுக்கு என்ன காய்ச்சலா? குளுக்கோஸ் ஏத்துறீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். 'குளுக்கோஸ் வயல்' என்ற பேர் அன்றே விழுந்துவிட்டது.

மற்றவர்கள் போன பிறகும் அவள் மட்டும் நின்றாள். "நெசமாவே செடிக்கு மட்டுந்தான் தண்ணி போவுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப களை மொளைக்காது. எங்களுக்கு என்னக்கா வேலை?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. தண்ணீரைப் பற்றியும் காகிதத்தைப் பற்றியும் அத்தனை நாள் யோசித்தவள், இவளைப் பற்றி யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. "களை இருக்காது. ஆனா காய் பறிக்கணும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும். நீங்கதான் பறிக்கணும்" என்றேன். அவள் நம்பாமல்தான் போனாள். நடவுக்கும் களைக்கும் என்று வருஷத்தில் சில நாள் மட்டும் எங்களிடம் வந்துகொண்டிருந்தவர்கள், கத்தரி காய்க்கத் தொடங்கியதும் மாதக்கணக்கில் வந்தார்கள். பத்துப் பேருக்கு இருந்த வேலை நாலு பேருக்கு என்று ஆனது உண்மை. அந்த நாலு பேருக்கும் தொடர்ந்து இருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

முதன்முதலாகத் தண்ணீர் விட்ட காலை நினைவிருக்கிறது. மோட்டாரைப் போட்டதும் குழாய்களெல்லாம் பாம்பு போல ஒருமுறை நெளிந்தன. பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. சத்தமில்லை, பாய்ச்சல் இல்லை. என் வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். நான் வயலின் கோடிக்கு ஓடினேன். ஒரு நாளும் ஈரம் காணாத கடைசிப் பாத்தியில், கடைசிக் கன்றின் காலடியில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. "வந்துருச்சுங்க! இங்க வந்துருச்சு!" என்று கத்தினேன். அவர் நடந்து வந்து, குனிந்து, விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்குத்தானா இத்தன வருஷம் ஓடுனேன்" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். அணில்கள் குழாயைக் கடித்தன. காலையில் போனால் நடுவயலில் ஆளுயரத்துக்குத் தண்ணீர் பீச்சி அடிக்கும். எங்கள் போர்த் தண்ணீரில் இரும்புக் காவி உண்டு. அது சொட்டும் துளைகளை அடைத்துவிடும். ஒரு வரிசை முழுக்க வாடி நின்ற பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது. ஸ்கூட்டியில் வந்த அந்த அதிகாரி, குழாயின் முனையைத் திறந்துவிட்டு அழுக்கை வெளியேற்றவும், ஆசிட் கலந்த தண்ணீரை விட்டு அடைப்பைக் கரைக்கவும் கற்றுக்கொடுத்தார். சொட்டுநீரைப் பார்த்துச் சிரித்த என் வீட்டுக்காரர், வடிகட்டியைத் தினமும் கழற்றிக் கழுவுகிறவராக மாறினார். தன் சைக்கிளைக்கூட அப்படிக் கழுவியதில்லை. அணில்களுக்காக வரப்போரம் மண்சட்டிகளில் தண்ணீர் வைத்தார். தாகத்துக்குத்தான் கடிக்கின்றன என்று அவராகவே கண்டுபிடித்திருந்தார். பாதிக்கு மேல் கடி குறைந்தது.

ஆர்வம் மிகுதியாகி, பள்ளத்து வயலில் ஒரு மூலையில் நெல்லுக்கும் குழாய் இழுத்துப் பார்த்தார். பயிர் வந்தது, ஆனால் கோரையும் சேர்ந்து வந்து மூடிவிட்டது. அடுத்த பட்டத்தில் குழாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார். "நெல்லு சேத்துல நிக்கட்டும். அது அப்படியே பழகிருச்சு" என்றார். இன்றைக்கும் பள்ளத்து இரண்டு ஏக்கரில் தண்ணீர் கட்டித்தான் நெல் விளைகிறது.

கத்தரிக்காயைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் பறிப்பில் வந்தவை பளபளவென்று ஊதா நிறத்தில், காம்பு முள்ளோடு இருந்தன. மார்க்கெட்டில் நான் வழக்கமாகக் காய் வாங்கும் கடைக்காரர், "இது எந்த ஊர்க் காயி?" என்று கேட்டார். ஊர்ப் பேரைச் சொன்னேன். "அது நெல்லு ஊராச்சே" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அடுத்த தை மாதம் மேலவீதிக்காரர்கள் வந்தார்கள். சொன்னபடியே வந்தார்கள். புது நெல் மூட்டைகள் கூடத்தில் அடுக்கியிருந்தன. என் வீட்டுக்காரரே முதல் மூட்டையைத் தூக்கிக் காரில் ஏற்றப் போனார். மேலவீதிக்காரர் ஒரு பக்கம் பிடிக்க வந்தார். வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லவில்லை. இருவருமாகத் தட்டுத் தடுமாறி ஏற்றினார்கள். அன்று சாம்பாரும் எண்ணெய்க் கத்தரிக்காயும் செய்திருந்தேன். அந்த அம்மாள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு நானும் அவரும் கத்தரி வரிசைகளுக்கு நடுவில் நடந்தோம். புடவை ஓரம் அழுக்காகாமல் வயலுக்குள் நடப்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. "கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இந்த வயலைப் பத்திச் சண்டையாத்தான் கேட்டிருக்கேன். கேஸு கட்டுல எத்தன தடவை சர்வே நம்பரைப் பாத்திருக்கேன். இங்க காத்து இவ்வளவு நல்லா வரும்னு அதுல எழுதலையே" என்றார்.

மேலவீதிக்காரர்களுக்கு ஒரே மகள். மூன்று வருஷம் கழித்து அவளுக்குத் தஞ்சாவூரில் கல்யாணம். பத்திரிகை வைக்க வந்தபோது என் வீட்டுக்காரர் பெயரைக் கவரில் முழுசாக, 'திரு' போட்டு எழுதியிருந்தார்கள். பஸ்ஸில் தலை சுற்றும் என்று அவர் சொல்லவில்லை. நான் சொல்லாமலே புது வேட்டி கட்டிக்கொண்டார். ஒரு கூடை கத்தரிக்காயும் வெண்டைக்காயும் பறித்து ஈரத்துணி போட்டு மூடி மடியில் வைத்துக்கொண்டே தஞ்சாவூர் வரை வந்தார். மண்டபத்தில் எங்களைக் கண்டதும் மேலவீதிக்காரர் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். சம்பந்தி வீட்டாரிடம், "எங்க வயலைப் பாக்கிறவங்க" என்று சொல்ல ஆரம்பித்து, நிறுத்தி, "இவங்களும் நாங்களும் ஒரே வயலுக்காரங்க" என்றார்.

முதல் பந்தியில் எங்களை உட்காரவைத்தார்கள். இலையில் பாயசம் விட்டபோது என் வீட்டுக்காரர் ஒரு வாய் எடுத்துவிட்டுக் கையை நிறுத்தினார். என்னங்க என்றேன். "எங்கப்பாவுக்குப் பாயசம் புடிக்கும்" என்றார். பிறகு இலையில் ஒன்றும் மீதி வைக்காமல் சாப்பிட்டார்.

மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் அவர் தூங்கிப்போனார். மறுநாள் விடிந்ததும் எழுந்து, வடிகட்டி கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மேட்டு வயலுக்குப் போனார். நான் பள்ளிக்கூடத்துக்கு அரிசி அளந்து கொடுக்கக் கிளம்பினேன்.